வாழ்நாளில் ஒரு கிழமை: மஸ்கி தேடிப் போகும் பயணத்தைத் திட்டமிடல்

மஸ்கி பிடிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "வெறுங்கையோடு திரும்பிப் பழக்கம் உண்டா?" என்பதுதான். கேலிக்குக் கேட்பதில்லை. இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று வட அமெரிக்கத் தூண்டில்காரர்கள் மஸ்கி என்ற இந்தப் பெரிய நன்னீர் மீனைப் பற்றிச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய இரையை வீசி, சுற்றி இழுத்து, படகடியில் முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். மணிக்கு 60 வீச்சு, நாளுக்குப் பத்து மணித்தியாலம், ஆறு நாள். ஆக 3,600 வீச்சு. பேச்சுக் கணக்கை அப்படியே நம்பினால் உங்களுக்கு மூன்று கிழமை வேண்டும். கையில் இருப்பதோ ஒன்று. உண்மை நிலை அவ்வளவு மோசமில்லை. நல்ல ஏரியில், சரியான பருவத்தில், ஏரியை அறிந்த வழிகாட்டியோடு போனால் வாய்ப்பு நன்றாகவே கூடும். ஆனாலும் ஆறு நாளில் ஒருவருக்கு ஒரு பெரிய மீன் அமைந்தால் அது நல்ல பயணம் என்பது என் கட்சி. பதினைந்து மீன் என்ற கனவோடு போகிறவர் மூன்றாம் நாளே சோர்ந்து, வோல்ஐ மீன் பிடிக்கப் போய்விடுவார்.

ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மீனை அல்ல, மீன் இருக்கும் தண்ணீரில் சில மணித்தியாலங்களை. அந்த மணித்தியாலங்களைக் கூட்டுவதும் வீணாக்காமல் காப்பதுமே திட்டமிடல்.

முதலில் ஏரி, பிறகு விடுதி

நான் செய்த பெரிய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் கடல்விமானத்தில் போய் இறங்கும் விடுதி ஒன்றில் முன்பணம் கட்டினேன். சிறு பிரசுரத்தில் மஸ்கி படம் இருந்தது. ஏரி அழகு, மரக்குடில் அழகு, காலையில் தேங்காய்ப்பால் போல மூடுபனி. ஆறு நாளும் பைக் மீன்தான் வந்தது. கடைசி இரவு விடுதிக்காரரிடம் கேட்டேன். அந்தப் படம் பக்கத்து ஆற்றுத் தொகுதியில் எடுத்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

பலருக்குத் தெரியாத செய்தி இது. வடமேற்கு ஒன்ராறியோவில் வீதியே இல்லாத, விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஏரிகளில் பெரும்பாலானவை வோல்ஐ, பைக், ஏரி ட்ரவுட் இருக்கும் ஏரிகள். மஸ்கி எல்லா ஏரியிலும் கிடையாது. பேர்போன மஸ்கி ஏரிகள் பலவற்றுக்கு வீதி வழியாகவே போகலாம், அல்லது வீதி முடியும் இடத்திலிருந்து விடுதிப் படகில் போகலாம். எவ்வளவு தொலைவுக்குப் போகிறோமோ அவ்வளவு பெரிய மஸ்கி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

லேக் ஒஃப் த வூட்ஸ் ஒன்ராறியோ, மனிட்டோபா, மினசோட்டா மூன்றையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஏரி. 14,000க்கும் மேற்பட்ட தீவுகள். 1873இல் கனடிய அரசும் அனிஷினாபே முதற்குடியினரும் மூன்றாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் இதன் கரையில்தான். இன்றும் இது அனிஷினாபே மக்களின் நிலம், மஸ்கி என்ற பெயரும் அவர்களுடைய மாஷ்கினோஷே என்ற சொல்லிலிருந்து வந்ததே. கெனோரா, சூ நரோஸ், நெஸ்டர் ஃபோல்ஸ் ஆகிய ஊர்களைச் சுற்றி விடுதிகள் உண்டு. தீவுகள் நிறைந்திருப்பதால் எந்தத் திசைக் காற்றிலும் ஒதுங்கி நின்று வீச ஓர் இடம் கிடைக்கும். ஆறே நாள் உள்ளவருக்கு இது பெரிய வரம். திறந்த ஏரியென்றால் இரண்டு நாள் காற்றடித்தாலே பயணத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். ஆனால் அதே தீவுகள் வழி தவற வைக்கும். முதல் முறை போகிறவர் தனியே படகெடுத்துத் திரிய வேண்டாம்.

வெர்மிலியன் பே ஊரையொட்டிய ஈகிள் ஏரி பெரிய மீனுக்குப் பேர் பெற்றது. ட்றைடனுக்குப் பக்கத்திலுள்ள வாபிகூனின் தண்ணீர் கலங்கலானது. மீன் பின்னால் வருவது கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று அடிக்கும். தெளிந்த நீரில் மீன் பின்தொடர்வதைப் பார்க்கும் அந்த நெஞ்சிடிக்காகவே போகிறவர்களுக்கு இது ஒரு குறை. லாக் சூல் பரந்த நீர்த்தேக்கம். அங்கே பிடிக்கும் மஸ்கி அத்தனையையும் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். இந்த நான்கில் எதை எடுத்தாலும் குற்றமில்லை. முதல் பயணத்துக்கு எது என்று என்னைக் கேட்டால், லேக் ஒஃப் த வூட்ஸ்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். கெனோரா நம் மாகாணத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் வீதி வழியே 1,800 கிலோமீற்றருக்கு மேல். இரண்டு முழுநாள் ஓட்டம் போக, இரண்டு வர. வினிப்பெக்குக்கு விமானத்தில் போய் அங்கிருந்து வாகனம் வாடகைக்கு எடுத்தால் சுமார் 210 கிலோமீற்றர். மிச்சமாகும் நாட்களைத் தண்ணீரில் செலவிடுங்கள். அங்கே கடிகாரம் ரொறன்ரோவுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடும். விடுதிப் படகைச் சந்திக்கும் நேரத்தை எந்த ஊர் நேரத்தில் சொல்கிறார்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கெனோராவில் 40 அடி உயர மஸ்கிச் சிலை ஒன்று நிற்கிறது, 1967இல் கட்டியது. போகும்போதே படம் எடுத்துவிடுங்கள். வரும்போது எப்படி மனநிலையோ, யார் கண்டது.

எந்தக் கிழமை

அந்தப் பகுதியில் மஸ்கிப் பருவம் யூன் மூன்றாவது சனிக்கிழமை திறந்து டிசம்பர் நடுவில் மூடுகிறது. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதிச் சுருக்கத்தில் உங்கள் ஏரிக்கு உரிய வரியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தனி விதி உள்ள ஏரிகள் பல.

யூன் கடைசியிலும் யூலையிலும் மீன் ஆழங்குறைந்த குடாக்களில், புதிதாக முளைத்த பாசிக்குள் நிற்கும். சிறிய இரைக்கே வரும். எண்ணிக்கை கூடலாம், பருமன் குறையலாம். நுளம்பும் கறுப்பு ஈயும் உங்களைத் தின்னும். யூலை கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை தண்ணீர் சூடேறி, மீன் சுறுசுறுப்பாகத் துரத்தும். சுழல்தகடும் மயிர்க்குஞ்சமும் உள்ள பக்டெயில் இரையை வேகமாக இழுக்கும் காலம். அந்தி மங்கும்போது நீரின் மேல் சலசலத்து ஓடும் மிதவை இரையை மஸ்கி வந்து அடிப்பதை ஒருமுறை கண்டவர் அதை மறக்கமாட்டார். ஆனால் காட்டுத்தீப் புகையும் இந்த மாதங்களில்தான் வரும். விடுதியை மூட நேர்ந்தால் முன்பணம் என்னாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செப்ரெம்பரில் கூட்டம் குறையும், பூச்சி போய்விடும், மரங்கள் நிறம் மாறும். மீனும் குளிர்காலத்துக்காகத் தின்னத் தொடங்கும். இடையில் ஒரு சிக்கல் உண்டு. மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஏரி முழுதும் கலந்து புரளும் சில நாட்கள். அப்போது மீன் எங்கே நிற்கிறது என்று ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் தலையைச் சொறிவார்கள். அது எந்தத் திகதியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒக்ரோபர், நவம்பர் ஆகியவை மிகப் பெரிய மீனுக்கான காலம். சிஸ்கோவும் வெள்ளைமீனும் முட்டையிடப் பாறைக்கரைக்கு வர, அவற்றைத் தின்ன மஸ்கியும் வரும். பெரிய இரைகளைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக ஓட வேண்டும். தூண்டில் வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கும். ஒன்ராறியோவின் சாதனை மீனான 65 இறாத்தல் மஸ்கியை கென் ஓபிரையன் ஜோர்ஜியன் விரிகுடாவின் மூன் ஆற்றுப் பக்கம் பிடித்ததும் 1988 ஒக்ரோபரில்தான்.

ஒரேயொரு தடவை போகிறவருக்கு நான் சொல்வது ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்ரெம்பர் நடு வரை. உடல் தாங்கும், வீசிப் பிடிக்கலாம், கண்ணால் காணலாம். நவம்பர்க் குளிரில் ஆறு நாள் இழுவை, இந்த வெறி ஏற்கெனவே பிடித்தவர்களுக்கு உரியது.

சந்திரன் விடயம் கட்டாயம் கேட்பீர்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் பெரிய மீன் கூடுதலாக அகப்படும் என்று நம்பும் மஸ்கிக்காரர்கள் மிகப் பலர். நம் கரையோர மீனவர்களுக்கும் இந்தப் பஞ்சாங்கம் புதிதல்ல. நான் அரை நம்பிக்கைக்காரன். விடுதியும் வழிகாட்டியும் கிடைக்கும் கிழமையை விட்டுவிட்டுப் பௌர்ணமியைத் துரத்தாதீர்கள். ஆனால் அங்கே போன பிறகு, சந்திரன் எழும், மறையும் நேரங்களில் சாப்பாட்டு மேசையில் இருக்காதீர்கள். அன்றைய நாளில் மீனைக் கண்ட மிகச் சிறந்த இடத்தில் இருங்கள்.

விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை

மின்னஞ்சல் வேண்டாம், தொலைபேசியில் பேசுங்கள். தயங்கும் குரலை மின்னஞ்சல் காட்டாது. போன வருடம் இதே கிழமையில் எத்தனை படகு மஸ்கிக்குப் போனது, என்ன கிடைத்தது என்று கேளுங்கள். "நிறைய" என்று பதில் வந்தால் அடுத்த விடுதியைக் கூப்பிடுங்கள். "நாலு படகு, மூன்று மீன், ஒன்று 50 அங்குலம்" என்பவர் குறிப்பேடு வைத்திருப்பவர். படகில் மின்மோட்டர் உண்டா, அதற்கு எத்தனை மின்கலம், பெரிய வலை தருவார்களா, விடியும் முன் எழுந்து போய் இருட்டிய பின் வந்தால் சாப்பாடு கிடைக்குமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். மாலை ஆறரைக்கு எல்லோரும் மேசையில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குள்ள விடுதியில், ஒரு நாளின் தலைசிறந்த இரண்டு மணித்தியாலத்தை உருளைக்கிழங்குக் கூழுக்குப் பலி கொடுத்திருக்கிறேன்.

மூன்று வேளையும் விடுதியே சமைத்துத் தரும் ஏற்பாட்டை அமெரிக்கன் பிளான் என்பார்கள். சமையலறையோடு குடிலைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஹவுஸ்கீப்பிங் பிளான். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் நேரத்தைத் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இரண்டாவதுதான் வசதி. எதுவானாலும் மிளகாய்த்தூள் உங்கள் பையில் இருக்கட்டும்.

வழிகாட்டிக்குக் கூலி பெரும்பாலும் தனி. ஆறு நாளும் வைக்க வசதியில்லை என்றால் முதல் இரண்டு நாள் வையுங்கள், கடைசி இரண்டு நாளல்ல. அவர் காட்டும் இடங்களையும் ஓடும் பாதையையும் ஜி.பி.எஸ்சில் குறித்துக்கொள்ள அனுமதி கேட்டு, மிச்ச நாட்களில் நீங்களே போகலாம். சில வழிகாட்டிகள் அனுமதிக்க மாட்டார்கள். அது அவர்களின் பிழைப்பு, கோபிக்கக்கூடாது. வழிகாட்டி மஸ்கிக்காரரா, வோல்ஐக்காரரா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டும் வேறு தொழில். நல்லவர்களின் நாட்கள் ஒரு வருடத்துக்கு முன்பே நிரம்பிவிடும்.

கையும் கோலும்

எட்டரை முதல் ஒன்பதரை அடிவரையான கனத்த தூண்டிற்கோல், பெரிய பெயிட்காஸ்டர் ரீல், 80 அல்லது 100 இறாத்தல் தாங்கும் பின்னல் தங்கூசி, அதன் நுனியில் மீன் கடித்து அறுக்க முடியாத கம்பி லீடர் அல்லது தடித்த ஃபுளோரோகார்பன் லீடர். இரை பத்துப் பன்னிரண்டு போதும். முந்நூறு இரைகளோடு வரும் ஆட்களைக் கண்டிருக்கிறேன். வீசுவதை விட மாற்றுவதிலேயே அவர்களுக்குப் பொழுது போகும். முள்ளுள்ள இரைகளை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், சரக்குப் பெட்டியில் போடுங்கள். கோல் இரண்டு துண்டாகப் பிரிவதா என்பதை வாங்கும் முன் பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது உங்கள் தோள். புறப்பட இரண்டு மாதம் முன்பே பூங்காவிலோ குளத்தங்கரையிலோ முள் கழற்றிய இரையை நாளுக்கு அரை மணித்தியாலம் வீசிப் பழகுங்கள். அதைவிட நல்லது, அந்தக் கோடையில் இரண்டு மூன்று வாரஇறுதிகளைக் கவார்த்தா ஏரிகளில் கழிப்பது. ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். அங்கே மஸ்கி சிறியது, ஆனால் எண்ணிக்கை அதிகம். முதல் மஸ்கியை அங்கே கையாண்டு பழகியவர் வடக்கே பெரியதைக் கண்டு கைநடுங்கமாட்டார்.

படகடியில் அந்தப் பத்து விநாடி

மஸ்கி விரால் போலப் பதுங்கி அடிக்கும் மீன்தான். ஆனால் விராலுக்கு இல்லாத ஒரு கெட்ட குணம் உண்டு. இரையைப் படகுவரை துரத்தி வந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இரையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டால் கதை முடிந்தது. நான் தூக்கியிருக்கிறேன். நாலரை நாள் எதுவும் இல்லாமல், ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு இழுத்து, தூக்கிய பிறகு பார்த்தால் படகின் நிழலில் ஒரு மரக்கட்டை திரும்பிப் போகிறது.

ஆகவே ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கோல் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி எட்டுப் போடுங்கள். மோட்டார்சைக்கிள் லைசென்சுக்குப் போடும் அதே எட்டு. ஆனால் வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும், நான்கடி நீள மீன் திரும்பக்கூடிய அகலம். வேகம் குறையக்கூடாது, வளைவில் சற்றே கூடலாம். லீடருக்கும் கோல் நுனிக்கும் இடையில் ஒன்றரை அடி தங்கூசி போதும். பிடிபடும் மஸ்கிகளில் கணிசமானவை இப்படிப் படகடியில்தான் வாய் வைக்கின்றன. வராத மீனுக்காக 3,600 தடவை எட்டுப் போடுவது பைத்தியக்கார வேலையாகத் தெரியும். அதைச் செய்யச் சலிப்பவர் இந்தப் பயணத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

மீன் வராவிட்டாலும் அது பின்தொடர்ந்து வந்த இடத்தைக் குறித்து வையுங்கள். காற்று மாறும்போது, அந்தியில், சந்திரன் எழும்போது திரும்பப் போங்கள். பெரிய மீன் எளிதில் இடம் மாறாது.

பிடித்த பின்

மஸ்கியின் வயதைச் செவுளுக்குப் பின்னாலுள்ள கிளீத்ரம் என்ற எலும்பின் வளையங்களை எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். ஒன்ராறியோவில் எட் குரொஸ்மனும் ஜோன் காசல்மனும் 1979இல் தொடங்கிய திட்டம் அந்த எலும்புகளைச் சேகரித்து ஆராய்ந்தது. 50 அங்குல மீன் அநேகமாக ஒரு பெண்மீன், பதினைந்து வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்தது. அதைக் கொல்லுவதைப் பற்றி இந்த நூல் எதுவும் சொல்லாது.

லேக் ஒஃப் த வூட்ஸ் போன்ற ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்திருக்கச் சட்டமே இடந்தராது. திரும்ப விடத்தான் போகிறீர்கள் என்றால் விலை குறைந்த கொன்சர்வேஷன் லைசென்சே போதும். அதோடு அவுட்டோர்ஸ் கார்ட் வேண்டும். ஒன்ராறியோவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் 65ஐ எட்டியவருக்கும் அடையாள அட்டையே போதும்.

மீன் வலைக்குள் வந்ததும் வலையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். முள்ளைக் கழற்ற நீண்ட குறடும், கழலாத முள்ளை அப்படியே வெட்டியெறியச் சிறிய போல்ட் கட்டரும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பத்து வெள்ளி முள்ளுக்காக மீனை நோகடிக்காதீர்கள். கமராவைத் தயாராக்கிய பிறகே மீனைத் தூக்க வேண்டும். ஒரு கை செவுள் மூடிக்குள், மறு கை வயிற்றுக்குக் கீழே, கிடையாக. மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டுகிறது, இறக்கிவிடுங்கள். பின் வாலைப் பிடித்து நிமிர்த்தி, அதுவாக உதறிப் போகும்வரை காத்திருங்கள். தண்ணீர் 27 பாகை செல்சியசைத் தாண்டினால் மஸ்கிக்கு வீசுவதையே நிறுத்திவிட வேண்டும். சூட்டில் போராடிய மீன் நீந்திப் போய்ப் பிறகு செத்துவிடும்.

சுவரில் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு: நீளத்தையும் வயிற்றின் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் வரும். 50 அங்குல நீளம், 22 அங்குலச் சுற்றளவு என்றால் சுமார் 30 இறாத்தல். கண்ணாடியிழையில் மாதிரி செய்து தருபவர்களுக்கு அந்த இரண்டு அளவும் தெளிவான படங்கள் சிலவும் போதும். மீன் தேவையில்லை.